டீ மாஸ்டருக்கு டி.பி. இல்லை

குழந்தை இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்பிளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொம்பளைகள் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்வார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளிடம்கூட, அடுத்த ஊர் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்து விலாசம் வாங்கிக்கொள்வார்கள். நாம் அப்படி இல்லை. அந்தக் காத்திருக்கும் கூடத்தில் நான் பார்த்த ஒவ்வொரு ஆம்பிளையும், யாரோ சொந்தக்காரருக்குத் துணைக்கு வந்த மாதிரியே உட்கார்ந்திருந்தான். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஏழாவதோடு நின்றவன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். முதலாளியும் நான்தான், மாஸ்டரும் நான்தான். ஏகாம்பரம் என்று பேர் இருந்தாலும் ஊருக்கு நான் மாஸ்டர். பயந்த சுபாவம். பால் பொங்குவதற்கு முன்னாலேயே திரிந்துவிடுமோ என்று கவலைப்படுகிறவன். என் பெண்சாதி கஸ்தூரி, அத்தை மகள். எங்கள் வீட்டில் பயப்படுகிற வேலையை முழுசாக என்னிடம் விட்டுவிட்டு அவள் மற்ற வேலைகளைப் பார்ப்பாள்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் குழந்தை இல்லை. பத்து வருஷமும் வைத்தியம் அவளுக்குத்தான் நடந்தது. மலைவேம்புச் சாறு, லேகியம், வெள்ளிக்கிழமை விரதம், அரசமரம் சுற்றுவது எல்லாம் ஆயிற்று. கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அந்தம்மா கஸ்தூரிக்கு எல்லா டெஸ்டும் எடுத்தார். அதில் ஒன்று கருக்குழாய் எக்ஸ்ரே. கர்ப்பப்பையின் ரெண்டு பக்கமும் குழாய் இருக்கிறது. அது அடைத்திருக்கிறதா என்று பார்க்க உள்ளே மருந்து விட்டுப் படம் பிடிக்கிறார்கள். நன்றாக வலிக்கும். நான் வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ரெண்டு மதகும் நல்லா தொறந்துதான் கீதாம், மாமா. தண்ணி தாராளமா போவுதாம்."

டாக்டர் ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

"எனக்கு எதுக்கும்மா? நான் நல்லாத்தானே கீறேன்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. லேபுக்குப் போயிட்டு வாங்க."

அது விந்துப் பரிசோதனை. எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி உபயோகம் இல்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, பாத்ரூமைக் காட்டுவார்கள். அதில் உயிரணுக்கள் எத்தனை இருக்கின்றன, எவ்வளவு ஓடுகின்றன என்று பூதக்கண்ணாடியில் எண்ணுவார்கள். வலியே கிடையாது, மானம்தான் கொஞ்சம் போகும். நான் டப்பாவைக் கைக்குட்டையில் மறைத்துக்கொண்டு வராண்டாவில் வருகிறேன், எதிரே வீராசாமி. எங்கள் ஊருக்குப் பால் வண்டி ஓட்டுகிறவன், தினம் என் கடையில் முதல் டீ அவனுக்குத்தான். அவன் அம்மாவுக்கு சர்க்கரை பார்க்கக் கூட்டி வந்திருக்கிறான்.

"இன்னா மாஸ்டர், இங்க? கையில இன்னா டப்பா?"

கைக்குட்டையை இழுத்து மூடினேன். "சளி" என்றேன்.

"அய்யய்யோ" என்று ரெண்டடி தள்ளி நின்றான். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். ஒரே ஒரு எண் தெரிந்தது, பக்கத்தில் மில்லியன் என்று போட்டிருப்பதாக லேப் பெண் படித்துச் சொன்னாள். மில்லியன் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். பத்து லட்சம் என்றாள். நாலு மில்லியன், அப்படியென்றால் நாற்பது லட்சம். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நாற்பது லட்சத்தை உடம்பில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் கவலைப்பட்டோம் என்று இருந்தது. கஸ்தூரிக்கு வழியில் மல்லிப்பூகூட வாங்கிக் கொடுத்தேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, "ரொம்பக் குறைச்சலா இருக்கே" என்றார்.

"நாப்பது லட்சம் பத்தாதாம்மா?"

"ரெண்டு கோடிக்கு மேல இருக்கணும்."

அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். பத்து வருஷமாகக் கஸ்தூரி குடித்த மலைவேம்புச் சாற்றின் கசப்பு என் வாயில் இருந்தது. அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்றியா, சொல்லணும்ன்றியா?"

"சொல்லாத."

"சரி. ஆனா மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு கடையில நிக்காத. பால் திரிஞ்சிடும்."

டாக்டர் மூன்று விஷயம் சொல்லியிருந்தார். பீடியை விட வேண்டும். இறுக்கமான ஜட்டி போடக்கூடாது. முக்கியமாக, சூட்டுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது. உயிரணு விளைகிற இடம் உடம்புக்கு வெளியே தொங்குவதே அது குளிர்ச்சியாக இருக்கத்தானாம். நானோ பதினைந்து வருஷமாக விடியற்காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பாய்லருக்கும் அடுப்புக்கும் நடுவில் இடுப்பை வைத்துக்கொண்டு நிற்கிறேன். புது உயிரணு விளைந்து வர மூன்று மாசம் ஆகும். அதுவரை அடுப்புப் பக்கம் போகாதீர்கள் என்றார்.

"டீ மாஸ்டர் அடுப்புப் பக்கம் போகாம எப்படிம்மா?"

"நான் நிக்கிறேன்" என்றாள் கஸ்தூரி.

எங்கள் பஸ் ஸ்டாண்டில் பொம்பளை டீ ஆற்றி அதுவரை யாரும் பார்த்ததில்லை. இட்லிக் கடை வைப்பார்கள், டீ மட்டும் ஆம்பிளை வேலை என்று யார் எழுதி வைத்தார்களோ. முதல் நாள் வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்தது. நான் தூரத்தில் கல்லா மேஜையில் உட்கார்ந்து காசு வாங்கினேன், கிளாஸ் கழுவினேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை உயரத் தூக்கி ஆற்றினாள். முதல் வாரம் பாதி டீ அவள் புடவை குடித்தது. அதற்கப்புறம் என்னைவிட நன்றாக வந்துவிட்டது. ரொம்ப நாள் வாடிக்கைக்காரர் ஒருத்தர், "மாஸ்டர், நீ அங்கியே உக்காரு" என்று வாய் விட்டே சொன்னார்.

ஆனால் மூன்றாவது வாரம் கூட்டம் குறைய ஆரம்பித்தது. வருகிறவர்களும் தூக்குச் சட்டி கொண்டு வந்து வாங்கிப் போனார்கள். ரைஸ் மில் ஆட்கள் சொந்த டம்ளர் எடுத்து வந்தார்கள். நான் காசு வாங்கக் கையை நீட்டினால் மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். வீராசாமி பால் கேனை வாசலிலேயே இறக்கிவிட்டு உள்ளே வராமல் போனான். ஏதாவது சாமி குற்றமா, பாலில் கோளாறா என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். கவலையில் உடம்பு வேறு இளைத்தது. பீடி விட்ட வேகத்தில் இருமல் வேறு.

பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாய்தான் வந்து கேட்டார். எனக்குச் சர்க்கரை, டீத்தூள் கொடுப்பவர், அப்பா காலத்திலிருந்து பழக்கம்.

"ஏகாம்பரம், உனக்கு உடம்புக்கு இன்னாப்பா?"

"ஒண்ணும் இல்ல பாய்."

"சொல்லலன்னா வுடு. நல்லா முட்டை சாப்புடு" என்று அரை டஜன் முட்டையை வைத்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

மறுநாள் காலை, கடையில் கூட்டம் இருந்த சமயம், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா பையோடு வந்து நின்றார். ஊர் முழுக்கத் தெரிந்த குரல் அவருக்கு. தடுப்பூசிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"மாஸ்டர், காஞ்சிபுரத்துல சளி டெஸ்டு குடுத்தீங்களாமே. டி.பி.ன்னு வந்துச்சா? பயப்படாதீங்க. அரசாங்கத்துல மாத்திரை சும்மாவே குடுக்கறோம். ஒழுங்கா சாப்பிட்டா ஆறு மாசத்துல சரியாயிடும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டப்பாவைப் பார்த்தது வீராசாமி. சளி என்று சொன்னது நான். அடுப்பை விட்டுத் தள்ளி உட்கார்ந்ததும், இளைத்ததும், இருமியதும் ஊர் சேர்த்து வைத்துக்கொண்ட கணக்கு. கடையில் அத்தனை பேரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு டி.பி.யே தேவலாம் என்று தோன்றியது. டி.பி. யாருக்கும் வரும். ராஜாவுக்கும் வரும். நான் தலையை ஆட்டிவிட்டு மாத்திரை வாங்கக் கையை நீட்டினேன்.

பாய்லரிடமிருந்து கஸ்தூரி பேசினாள். டீ ஆற்றிய கை மேலேயே நின்றது.

"மாத்திரைய உள்ள வைங்கம்மா. அவருக்கு டி.பி.யும் இல்ல, ஒண்ணும் இல்ல. புள்ளைக்கு வைத்தியம் பாத்துக்கினு கீறோம். அந்த டப்பாவுல சளி இல்ல."

வாசலில் கேன் இறக்கிக்கொண்டிருந்த வீராசாமிதான் கேட்டான். "அப்ப இன்னாக்கா இருந்திச்சி?"

"டேய், உனக்கு மூணு புள்ள கீது" என்றார் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர். "இன்னான்னு உனக்குத் தெரியாதா?"

ஒருத்தன் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நர்சம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பில் எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, நானே எழுந்து சொல்லிவிட்டேன்.

"கொறை எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு நாப்பது லட்சம்தான் கீதாம். ரெண்டு கோடி வேணுமாம்."

"நாப்பது லட்சமா?" என்றான் வீராசாமி. "எனக்கு எவ்ளோன்னு நான் எண்ணிப் பாக்கவே இல்லியே."

"நீ எண்ணாத, போதும்" என்றார் நர்சம்மா.

அன்று மத்தியானத்திலிருந்து கூட்டம் திரும்பி வந்துவிட்டது. பேஜார் வேறு மாதிரி ஆரம்பித்தது. டீ குடிக்க வந்தவன் எல்லாம் டாக்டர் ஆனான். ஒருத்தன் முருங்கைக்கீரை கட்டோடு வந்தான். ஒருத்தன் பேரீச்சம்பழம். காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் நாலு பூண்டு முழுங்கு என்றான் ஒருத்தன். "எத்தினி லட்சம் ஆச்சி மாஸ்டர்?" என்று நெல் விளைச்சல் கேட்கிற மாதிரி கேட்டார்கள். மூன்று மாசம் கழித்து எழுபது லட்சம் என்று ரிப்போர்ட் வந்தபோது கடையில் யாரோ கை தட்டினார்கள்.

எழுபதும் பத்தவில்லை. காஞ்சிபுரம் டாக்டர் ரெண்டு தடவை உயிரணுவைச் சுத்தப்படுத்தி நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்திப் பார்த்தார். கரு நிற்கவில்லை. ரெண்டு தடவையும் மாசம் தள்ளி ரெண்டு நாள், மூணு நாள் என்று நாங்கள் மனக்கோட்டை கட்டி, அது இடிந்தது. கஸ்தூரி அழுததை நான் பார்த்தது அப்போதுதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அழுதாள், நான் கேட்கக்கூடாது என்று.

"சென்னைக்குப் போங்க" என்றார் டாக்டர்.

சென்னை ஆஸ்பத்திரியில் எல்லாச் சுவரிலும் குழந்தைப் படம். பெரிய டாக்டரம்மா ஒரு படம் போட்டு விளக்கினார். ஊசி போட்டுப் பெண்ணிடம் நிறைய கருமுட்டையை வளர வைப்பார்கள். மாசத்துக்கு ஒன்று பழுக்கிற இடத்தில் எட்டோ பத்தோ பழுக்கும். மயக்கம் கொடுத்து அதை வெளியே எடுப்பார்கள். நம்முடைய உயிரணுவில் நல்லதாக ஒன்றைப் பிடித்து, மயிரைவிட மெல்லிசான கண்ணாடி ஊசியால் முட்டைக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். கோடியெல்லாம் வேண்டாம், முட்டைக்கு ஒன்று இருந்தால் போதும். கரு உண்டானதும் திரும்பக் கர்ப்பப்பையில் விடுவார்கள்.

"நாத்து வுட்டுப் பறிச்சி நடறா மாதிரி" என்றாள் கஸ்தூரி.

"அதேதான். ஆனா நட்டதெல்லாம் வேர் பிடிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். பிடிக்காமப் போறவங்கதான் ஜாஸ்தி."

அவர் சொன்ன தொகைக்கு எங்கள் ஊரில் தளம் போட்டு ஒரு ரூம் கட்டலாம். கஸ்தூரியின் நகை முன்னமே அடகில் இருந்தது. பேங்கில் கேட்டேன். கடையை விரிவாக்க லோன் உண்டு, எருமை வாங்க லோன் உண்டு, இதற்கு இல்லை என்றார்கள். சென்னையில் ஒரு தர்ம டிரஸ்ட் ஏழைகளுக்கு ஆபரேஷன் செலவு கொடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு அம்மா நிதானமாகக் கேட்டார். டீ கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "இதய ஆபரேஷன்னா உடனே செய்வோம். இது உயிருக்கு ஆபத்தான வியாதி இல்லையேங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. படி இறங்கி வரும்போது கஸ்தூரி சொன்னாள், "நல்ல டீ. ஏலக்காய் போட்டிருந்தாங்க."

கடையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மறைக்க எதுவும் மிச்சமில்லையே. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தருகிறோம் என்றார்கள். நான் முடியாது என்றுவிட்டேன். தினம் டீ குடிக்கிறவனிடம் தர்மம் வாங்கினால் அடுத்த நாள் டீக்கு எப்படிக் காசு கேட்பது?

காதர் பாய்தான் யோசனை சொன்னார். "இந்தத் தாலுக்காவுல நீ மொய் வெக்காத வூடு எது? கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாத்துக்கும் போவே. என் பொண்ணு நிக்காஹ்வுக்கே கவரோட வந்தே. உனக்கு யாரு திருப்பி வெச்சாங்க?"

"எங்க வூட்ல விசேஷமே இல்லியே, பாய்."

"அதான் சொல்றேன். புள்ள இருந்தாத்தான் விசேஷம், விசேஷம் வந்தாத்தான் மொய். உன் மொய் பத்து வருஷமா ஊர்ல நிக்குது. அது தர்மம் இல்லப்பா, உன் காசு. ஒரு பந்தலைப் போடு."

பந்தல் போடலாம். என்னவென்று போடுவது? யாருக்குக் காது குத்துவது? பாய்லருக்கா?

தென்னேரியில் கட்டிக் கொடுத்த என் அக்கா தேவகிக்கு விஷயம் போயிற்று. அடுத்த பஸ்ஸில் மூன்றாவது பெண் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

"இவளுக்கு இன்னும் குத்தல. தாய்மாமன் மடி நீதானே. பந்தல் உன் வாசல்ல போடு, மொய்ய உன் பேர்ல எழுது. எனக்கு எவனும் வெக்க வேணாம்."

"அக்கா, மாமன்தான் சீர் செய்யணும். நான் மொய் வாங்கினா ஊர் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். சிரிக்கிறவன் மொய் வெச்சிட்டு சிரிக்கட்டும்."

உத்திரமேரூரில் அப்படி ஒரு காதுகுத்து அதற்கு முன் நடந்திருக்காது. குழந்தை ஒருத்தருடையது, மொய் இன்னொருத்தருக்கு, மைக் செட்டு வீராசாமி இலவசமாக ஏற்பாடு செய்தது. டி.பி. என்று பரப்பியதற்குப் பிராயச்சித்தம் என்றான். எனக்கு ராத்திரி முழுக்க ஒரே யோசனை: ஆளே வராமல் சாம்பார் சாதம் மீந்து போனால் என்ன செய்வது என்று. கடைசியில் சாதம் ரெண்டு தடவை வடித்தார்கள். பத்தர் கம்பியை எடுத்ததும் செல்வி என் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். மொய் எழுதுகிறவரிடம் ஒவ்வொருத்தரும் ஏதோ சொல்லிக்கொண்டே வைத்தார்கள். "என் பொண்ணு கல்யாணத்துல மாஸ்டர் மொய்யும் வெச்சாரு, ராவெல்லாம் டீயும் போட்டாரு. மொய்க்கு இது, டீக்கு இது." ரைஸ் மில்லில் வேலை செய்யும் இருளர் வீட்டு அண்ணன் ஒருத்தர் வந்தார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து போனது நான் ஒருத்தன்தானாம். எனக்கு அது மறந்தே போயிருந்தது. நர்சம்மா கவரில் ரூபாய் வைத்து, மேலே டாக்டர் எழுதுகிற மாதிரி 'தினம் ஒரு வேளை சிரிக்கவும்' என்று எழுதியிருந்தார்.

பணம் சேர்ந்தது. கொஞ்சம் துண்டு விழுந்ததை பாய் மளிகை பாக்கியைத் தள்ளி வைத்துச் சரிக்கட்டினார்.

ஊசி தினம் போட வேண்டும். அதை ஐஸில் வைக்க வேண்டும். எங்களிடம் ஃப்ரிட்ஜ் ஏது? பாய் கடையில் கூல் டிரிங்க்ஸ் ஃப்ரிட்ஜில், கலர் பாட்டில்களுக்கு நடுவே கஸ்தூரியின் ஊசி மருந்து இருந்தது. யாராவது கதவைத் திறந்து ரொம்ப நேரம் பாட்டில் தேடினால் பாய் சத்தம் போடுவார்: "சீக்கிரம் மூடுப்பா, உள்ள மாஸ்டர் புள்ள கீது." சாயங்காலம் நர்சம்மா வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். டி.பி. மாத்திரை கொண்டு வந்த அதே பை. தினம் சென்னைக்குப் போகிற செலவும் அலைச்சலும் அவரால் மிச்சம். டீக்குக்கூடக் காசு கொடுத்துவிட்டுத்தான் போவார்.

முட்டை எடுக்கிற அன்றைக்கு வீராசாமி பால் வண்டியைக் கழுவி, எங்களை அதில் ஏற்றிச் சென்னையில் கொண்டுபோய் விட்டான். கஸ்தூரியை உள்ளே அழைத்துப் போனார்கள். எனக்குத் திரும்பவும் டப்பா. இந்த முறை கைக்குட்டையில் மறைக்கவில்லை. கூடத்தில் என் பக்கத்தில் ஆரணிக்காரர் ஒருத்தர், நெசவுத் தொழில், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானாகக் கேட்டேன்.

"உங்களுக்கு எவ்ளோங்க?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பன்னெண்டு" என்றார்.

"எனக்கு நாப்பதுல ஆரம்பிச்சி எழுபது."

"நீங்க பரவால்ல. நஞ்சை."

எதிர் பெஞ்சில் இருந்தவர் சிரித்துவிட்டார். அப்புறம் அந்த வரிசை பூராவும் பேச ஆரம்பித்தது. யார் எந்த அடுப்புக்கு முன்னால் நிற்கிறோம், யார் லாரி ஓட்டுகிறோம், யாருக்கு மாமியார் என்ன சொன்னாள் என்று. நர்ஸ் வந்து, "சத்தம் கம்மி பண்ணுங்க" என்று சொல்கிற அளவுக்கு.

மூன்று நாள் கழித்துக் கருவை உள்ளே விட்டார்கள். மூன்றை விட்டால் ஒன்றாவது தங்கலாம் என்றார்கள். அதற்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டுமாம், அப்போதுதான் ஸ்கேனில் கர்ப்பப்பை நன்றாகத் தெரியுமாம். கஸ்தூரி தண்ணீரைக் குடித்துவிட்டு, "மாமா, சீக்கிரம் கூப்புட சொல்லு, இல்லன்னா ஏரி ஒடைஞ்சிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ரெண்டு நாள் வார்டில் படுக்க வைத்தார்கள். வரிசையாக ஆறு கட்டில், ஆறு பொம்பளை, எல்லோர் வயிற்றிலும் நாற்று. என் பயத்துக்கு அளவே இல்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது கேட்டேன்.

"தும்மினா வெளிய வந்துடுமாங்க?"

"வராது. தும்மலாம், இருமலாம்."

"சிரிக்கலாமா? பக்கத்துக் கட்டில் அம்மா ரொம்ப சிரிக்க வெக்கிறாங்க."

"அது ரொம்ப நல்லது" என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் ரெண்டு வாரம் காத்திருப்பது. எல்லா டெஸ்டையும்விட அதுதான் கஷ்டம். ஊரே கஸ்தூரியைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்தது. அவள் குடத்தைத் தொட்டால் நாலு பேர் ஓடி வந்தார்கள். கடையில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் ஒரு நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பணம் போய்விட்டால் போகட்டும், இத்தனை பேர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் எனக்கு. அதைக் கஸ்தூரியிடம் சொன்னேன். "நெல்லு போட்டவன் எல்லாம் மழையத் திட்டுவான், உன்னத் திட்ட மாட்டான்" என்றாள்.

ரத்தப் பரிசோதனையில் உண்டாகியிருக்கிறது என்று வந்தது. நான் நம்பவில்லை. இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். ரெண்டு வாரம் கழித்து ஸ்கேனில் காட்டுகிறேன் என்றார் டாக்டர்.

ஸ்கேன் ரூமில் இருட்டு. டாக்டர் டி.வி. பெட்டியை எங்கள் பக்கம் திருப்பினார். மினுக் மினுக் என்று ஒரு புள்ளி துடித்தது. கஸ்தூரி என் கையைப் பிடித்தாள். டாக்டர் கருவியை நகர்த்தினார்.

"இங்க பாருங்க. இன்னொண்ணு."

ரெண்டு. மனசில் முதலில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"டாக்டர், நாங்க ஒண்ணுக்குத்தான் பணம் கட்டியிருக்கோம்."

அந்தம்மா கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கஸ்தூரியும் சிரித்ததில் வயிறு குலுங்க, திரையில் ரெண்டு புள்ளியும் ஆடின. எனக்குப் பயமாகிவிட்டது, சிரிக்காதே என்று அவள் தோளைப் பிடித்தேன். தனியாக பில் கிடையாது என்று டாக்டர் தன் வாயால் சொன்னதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

பஸ்ஸில் கஸ்தூரி கண்டிப்பாகச் சொன்னாள். "மூணு மாசம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத. கண்ணு படும்." சரி என்றேன். செங்கல்பட்டிலும் சரி என்றேன். உத்திரமேரூரில் இறங்கினோம். கடையில் பாய் மகன் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாயும் நர்சம்மாவும் வீராசாமியும் பெஞ்சில் இருந்தார்கள். மூன்று பேரும் எங்கள் முகத்தையே பார்த்தார்கள். வீராசாமி மட்டும் எழுந்து நின்றான்.

"ரெண்டு" என்றேன். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன் போலிருக்கிறது, பூக்காரம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள்.

கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் அவளை உட்கார வைத்துச் சுற்றி நின்றுவிட்டார்கள். பையனா பொண்ணா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். நல்லபடியா பொறக்குமா என்று யாரோ கேட்க, தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்லும்போது அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பயமே வரவில்லை.

மறுநாள் மத்தியானம் பயம் திரும்பி வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு விட்டம். பழைய மரம். ரெண்டு தூளி கட்டினால் தாங்குமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

"தாங்கும்" என்றாள். "தூங்கு மாமா."